எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர்

1

போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் அலுவலகத்தில் மேகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். வெள்ளைக் கிரீமில் மேக வடிவத்தில் ஒரு கேக். மேகம் என்றதும் ஊரில் இருப்பவர்கள் வானத்தைப் பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்களை இருந்த இடத்திலிருந்தே பயன்படுத்துவதற்கு எங்கள் தொழிலில் வைத்த பெயர் அது. குளிரூட்டிய அறையில் ஓயாமல் இரைச்சல் போடும் இரும்புப் பெட்டிகளுக்கு மேகம் என்று பெயர் வைத்தவன் நிச்சயம் கவிஞன் அல்ல, விற்பனையாளன்.

அந்த மேகத்துக்கான மென்பொருளை எங்கள் நிறுவனம் சொந்தமாகச் செய்யவில்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து திறந்த மூலமாக எழுதி வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். எங்கள் நிறுவனம் அதில் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்குத்தான் கேக். எங்கள் இயக்குநர் ரகுநந்தன் சுவரில் படங்கள் போட்டுக் காட்டினார். ஐந்தாவது படத்தில் நான் இருந்தேன். ஏதோ வெளிநாட்டு மேடையில் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். கீழே ஆங்கிலத்தில், 'தானியங்கி நிறுவலின் தாய்' என்று போட்டிருந்தது.

கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அதைப் பெற்றது நானில்லை. எனக்குத் தெரியும், ரகுநந்தனுக்குத் தெரியும், அந்த அறையில் இன்னும் நான்கு பேருக்காவது தெரியும். ஒருவரும் பேசவில்லை. எல்லார் வாயிலும் கேக் இருந்தது.

2

சங்கரன்கோவிலிலிருந்து பெங்களூருக்கு வந்து இந்த ஆனியோடு இருபத்தொரு வருடம். "இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்குல சேருமாக்கும்? சாயங்காலம் பஸ் ஏறினா காலைல எறங்கிரலாம்" என்பான் துபாயில் இருக்கும் என் தம்பி. அவனுக்குக் கடல் தாண்டினால்தான் புலம்பெயர்வு. ஊரில் கல்யாணம் என்றால் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி, எனக்குப் பந்தியில் பரிமாறுகிற வேலை. ஆனால் அவனுக்கு அங்கே தெருப்பலகை ஆங்கிலத்திலாவது இருக்கிறது. எனக்கு இங்கே இருபத்தொரு வருடம் கழித்தும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது கோலம்தான்.

வந்த புதிதில் கேஸ் இணைப்புக்காக விலாசச் சான்று வாங்க வார்டு அலுவலகம் போனேன். குமாஸ்தா "மனெ எல்லிதெ?" என்று கேட்டார். "மனையெல்லாம் இன்னும் வாங்கலை சார், இப்பதான வந்திருக்கோம்" என்றேன். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. வீடே இல்லாதவளுக்கு விலாசச் சான்று எதற்கு என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார். மறுபடி போனபோது வாடகை ஒப்பந்தம் கொண்டுவா என்றார். வீட்டுக்காரரிடம் போனால், விலாசச் சான்று இருந்தால்தான் ஒப்பந்தம் போடுவேன் என்றார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தேன். பிற்பாடு உலகளாவிய திறந்த மூல சமூகம் என்ற பெரிய இடத்துக்குள் நுழைந்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றாமல் போனதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம்.

என் மகள் நிலா பத்தாவது படிக்கிறாள். கன்னடம் படிப்பாள், எழுதுவாள். தமிழ் பேச மட்டும் செய்வாள், அதுவும் சாப்பிட்டாச்சா என்பதற்கு "அம்மா, ஊட்டா ஆயித்தா?" என்கிற தமிழ். போன மாதம் பள்ளிப் படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் நான் சங்கரன்கோவில் என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு பெங்களூர் என்று எழுதினாள்.

"அது உன் ஊரும்மா. என் ஊரை எதுக்கு நீ எழுதுற?"

கோபப்பட வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அடுத்தவருக்கு உரிய இடத்தில் என் கைக்குத் தோன்றியதை எழுதும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

3

அன்பரசு எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். அவருக்குச் சம்பளம் போடுவது ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி, வேலை வாங்குவது நாங்கள். அடையாள அட்டை தொங்கும் நாடா எங்களுக்கு நீலம், அவர்களுக்கு மஞ்சள். சமத்துவம் பற்றி எங்கள் நிறுவனம் வருடா வருடம் ஒரு வகுப்பு நடத்தும். மஞ்சள் நாடாக்காரர்களுக்கு அந்த வகுப்பில் அனுமதி கிடையாது.

அன்பரசுக்கு வீடு, பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரம். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். டிப்ளமா படித்தவர், அப்போது முப்பது வயது இருக்கும். வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் இயந்திரங்களை அடுக்கி, வயர் இழுத்து, மேக மென்பொருளை நிறுவித் தருவது அவர் வேலை.

அந்த நிறுவல் இருக்கிறதே, அது ஒரு கொடுமை. மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதை நிறுவும் வழிகாட்டி நூற்றுச் சொச்சம் பக்கம். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு கட்டளையாகக் கையால் தட்ட வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் செய்திருக்க வேண்டிய ஒன்றைத் தொண்ணூறாம் பக்கத்தில் சொல்வார்கள். ஓர் எழுத்து பிசகினால் முதலிலிருந்து. உலகத்தின் கெட்டிக்கார மூளைகள் சேர்ந்து செய்த பொருள், இருபது இயந்திரங்களில் எழுந்து நிற்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. கேட்டால், "எழுதுவது எங்கள் வேலை, நிறுவுவது உங்கள் பாடு" என்பார்கள் அந்தத் திட்டத்தின் பெரியவர்கள். வீட்டைக் கட்டிவிட்டு, வாசல் வைப்பது எங்கள் வேலை இல்லை என்கிற கொத்தனார்கள்.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் இடத்துக்கு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். அன்பரசு ஒரே ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு டீ வாங்கக் கிளம்பினார். திரையில் வரிகள் தானாக ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன அன்பு இது?"

"ஒண்ணும் இல்ல மேடம். தெனமும் கையில தட்டித் தட்டி பேஜாரா ஆயிடுச்சு. அதான் எழுதி வெச்சுட்டேன்."

ஒவ்வொரு இயந்திரமும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார். அவர் எழுதிய நிரல்கள் இயந்திரம் இயந்திரமாகப் போய்ப் பார்க்கும். இல்லாததை வைக்கும், தப்பாக இருப்பதைத் திருத்தும், சரியாக இருந்தால் தொடாமல் அடுத்ததற்குப் போகும். பாதியில் கரண்ட் போனாலும் கவலை இல்லை, மறுபடி ஓட்டினால் போதும். இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வெளியே நீளமான பதவிப் பெயர்களும் அதற்கேற்ற நடையும் உண்டு. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்க நைனா வாட்டர் போர்டுல வால்வு தெறக்கிறவரு மேடம். தெருத் தெருவா போவாரு. தெறந்திருந்தா உட்டுடு, மூடியிருந்தா தெற. அவ்ளோதான். எந்தத் தெருவுல நிறுத்தினோம்னு ஞாபகம் வெச்சுக்கவே தேவல்ல, மறுபடி மொதல்லேர்ந்து ஒரு ரவுண்டு நடந்தா ஆயித்து."

மூன்று வார வேலை அன்று நாலு மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் இயந்திரங்களைத் துடைத்தோம்.

4

ரகுநந்தனிடம் சொன்னபோது முதலில் அவர் காதில் விழவில்லை. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. நிதானமானவர், குரலை உயர்த்தாதவர். உயர்த்தத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர். போட்டி நிறுவனம் ஒன்று இதே மாதிரி ஒரு கருவியைத் திட்டத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பதாகக் கேள்விப்பட்ட அன்றுதான் என்னை அழைத்தார்.

"கோமதி, அந்த ஆட்டோமேஷனை நாம முதல்ல உள்ளே கொண்டுபோயிடணும். நாம கொடுத்ததுன்னு இருக்கணும்."

திறந்த மூலம் என்றால் கதவு திறந்திருக்கும் என்று நினைப்பீர்கள். திறந்துதான் இருக்கிறது. ஆனால் வாசலில் பங்களிப்பாளர் உடன்படிக்கை என்று ஒரு தாள் உண்டு. நிறுவனத்தின் சார்பில் வருகிறவர்களுக்கு நிறுவனம் ஒரு பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலில் ஏற நிரந்தர ஊழியர் எண் வேண்டும். மஞ்சள் நாடாவுக்கு ஏது ஊழியர் எண்? ஏஜென்சிக்கு எழுதினோம். எங்கள் ஆள் எழுதியது எங்கள் சொத்து என்று பதில் வந்தது. எங்கள் சட்டப் பிரிவு, எங்கள் இடத்தில் எழுதியது எங்கள் சொத்து என்றது. இரண்டு வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிரலுக்கு ஒரே வாரத்தில் இரண்டு சொந்தக்காரர்கள். அடுத்த வருட ஒப்பந்தத்தை ரகுநந்தன் லேசாகக் கோடி காட்டியதும் ஏஜென்சி அடங்கியது. எழுதியவரை மட்டும் கடைசி வரை யாரும் கேட்கவில்லை.

"சிம்பிள் கோமதி. உங்க பேர்ல போட்டுடுங்க" என்றார் ரகுநந்தன்.

"எழுதினது அன்பரசு சார்."

"யார் டைப் பண்ணாங்கங்கிறது ஒரு டெக்னிகாலிட்டி. எழுதினது கம்பெனி. கம்பெனிக்கு ஒரு முகம் வேணும், அது நீங்க. இதுல எமோஷனல் ஆக வேண்டாம்."

நான் எமோஷனல் ஆகவில்லை. அதுதான் என் குற்றம். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் 'எழுதியவர்' என்று ஒரு வரி இருக்கும். அத்தனை வரிகளிலும் உள்ள பெயரை ஒரே கட்டளையில் மாற்றலாம். ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினேன். மூன்று நொடி ஆனது.

பிறகு அன்பரசிடம் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து கேபிள்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். "இந்த ஃபார்மாலிட்டி எல்லாம் முடிஞ்சதும் உங்க பேரையும் சேர்த்துடலாம் அன்பு" என்றேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளை முழுதாக ஒட்டி முடித்தார்.

"பர்வால்ல மேடம். ஓடுனா சரி."

அந்தப் 'பர்வால்ல'வைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

5

திட்டத்தின் வாராந்திரக் கூட்டம் எங்களுக்குக் காலை ஏழு மணிக்கு. முகம் பார்க்கிற கூட்டம் அல்ல, அரட்டை அறையில் எழுதுகிற கூட்டம். அடுப்பில் குக்கர் கத்தும், நிலா ஒரு காலில் சாக்ஸோடு மற்ற சாக்ஸைத் தேடுவாள், நான் கண்டங்கள் கடந்து விவாதித்துக்கொண்டிருப்பேன். எதைப் பற்றி? எங்கள் நிரலை வைக்கப்போகும் கோப்புறையின் பெயர் ஒருமையில் இருக்க வேண்டுமா, பன்மையில் இருக்க வேண்டுமா என்று ஐந்து வாரம். அந்த நிரல் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர். ஹென்ரிக் என்ற மூத்த பரிசீலகர். மற்றவர்கள் கருத்து மட்டும் வைத்திருந்தார்கள்.

அந்த ஹென்ரிக்கிடம்தான் நான் மாட்டினேன். முதல் பகுதி ஏற்கப்பட்டு உள்ளே சென்ற நாளில் அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் எழுதி, கடைசியில் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று முடித்தேன். நம் ஆபீஸ் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், தயவுசெய்து பதில் போடுங்கள். அவர்கள் தொழிலில் ரிவர்ட் என்றால், உள்ளே போட்ட மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடு. கால் மணி நேரத்தில், மிகுந்த மரியாதையோடு, முழுவதையும் எடுத்துவிட்டார். இரண்டு மாத உழைப்பு. அது மறுபடி உள்ளே போக மூன்று வாரம் ஆனது. ஏன் எடுத்தோம், ஏன் போடுகிறோம் என்று ஒரு விளக்க அறிக்கை வேறு. மனெக்கும் மனைக்கும் நடுவில் விழுந்தவள் ரிவர்ட்டுக்கும் ரிவர்ட்டுக்கும் நடுவில் விழுந்தேன்.

ஹென்ரிக்கின் கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் எழுதியதாகப் பதிவுகளில் இருக்கும். உண்மையில், கேள்வி வந்ததும் நான் அன்பரசிடம் ஓடுவேன். அவர் தமிழில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஒரு முறை ஹென்ரிக், 'உங்கள் வடிவமைப்பு நேர்த்தியானது, நான் பார்த்ததிலேயே எளிமையானது' என்று எழுதியிருந்தார். அதை அன்பரசுக்குக் காட்டினேனா என்று நினைவில்லை. பொய். நினைவிருக்கிறது. காட்டவில்லை.

முழுவதும் ஏற்கப்பட்டது. மற்றவர்கள் அனுப்பும் நிரல்களை ஏற்கவோ மறுக்கவோ செய்கிற ஒப்புதல் உரிமையை எனக்குக் கொடுத்தார்கள். வெளிநாட்டு மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே எடுத்த படம்தான் நான் வாயைத் திறந்தபடி நிற்பது. ஒரு வாரம் கழித்து ஊர் திரும்பி அலுவலகம் போனால் அன்பரசின் மேசையில் வேறு யாரோ குடை வைத்திருந்தார்கள். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ரகுநந்தனிடம் போய்க் கேட்டேன்.

"நிறுவல்தான் இப்போ ஆட்டோமேட் ஆயிடுச்சே கோமதி. நிறுவ எதுக்கு ஆள்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன்? அன்பரசுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நிறுவனத்தின் நல்ல தாளில், நல்ல ஆங்கிலத்தில். அதில், 'நிறுவல் பணிகளில் உதவியாக இருந்தார்' என்று ஒரு வரி. உதவியாக! அவர் வாங்கிப் படித்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

6

அடுத்த இரண்டு வருடத்தில் அந்த நிரல் என் கையில் அழுகியது. மென்பொருள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும், நிறுவும் நிரலும் கூடவே மாற வேண்டும். எனக்கு அதன் மேல்தோல் தெரியும், உள்ளே தெரியாது. இங்கே ஒட்டு, அங்கே ஒட்டு. உலகத்தில் எங்கெங்கோ இருந்து, ஓடவில்லை, நின்றுவிட்டது என்று புகார் வரும். 'விரைவில் பார்க்கிறேன்' என்று பதில் போடுவேன். தாய் என்று பெயர் எடுத்தவள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தேன்.

போன வருடம் திட்டத்துக்குப் புதிய நிறுவல் நிரல் ஒன்று வந்தது. தனிநபர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, நிறுவனம் எதுவும் இல்லாமல் ஒருவர் அனுப்பியிருந்தார். எழுதியவர் என்ற இடத்தில் அன்பரசு என்று இருந்தது. பழையதிலிருந்து ஒரு வரி கூட எடுக்காமல் முதலிலிருந்து எழுதியிருந்தார். பாதி அளவு, இரு மடங்கு வேலை. அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய பரிசீலகர் நான்.

ரகுநந்தனுக்கு மூக்கில் வியர்த்தது. "இது வந்தா நம்மளோடது போயிடும். நீங்க ரிஜெக்ட் பண்ண வேண்டாம், தப்பாத் தெரியும். கொஞ்சம் ஊறட்டும். கமெண்ட் போட்டுக்கிட்டே இருங்க."

போட்டேன். பதினொன்று போட்டேன். இந்த மாறியின் பெயர் நீளமாக இருக்கிறது. இந்த விளக்கத்தில் முற்றுப்புள்ளி இல்லை. இந்தக் கோப்பை இரண்டாகப் பிரிக்கலாமே. பத்தாவது கருத்தில், பிரித்ததை ஒன்றாகச் சேர்க்கலாமே என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் மறுநாளே திருத்தி அனுப்பினார். அந்த உலகத்தில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'ஹாய் கோமதி, திருத்திவிட்டேன்' என்று பதினொரு முறை எழுதியிருந்தார். பன்னிரண்டாவது நாள் காலை போன் வந்தது.

"மேடம், அன்பரசு பேசறேன். நல்லாக்கீறீங்களா?"

"நல்லா இருக்கேன் அன்பு. சொல்லுங்க."

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினொரு கமெண்டும் நீங்களா எழுதுனதா, இல்ல யாராச்சும் எழுதச் சொன்னாங்களா?"

அவர் பக்கம் ஏதோ குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"ஏன்னா, நீங்க எழுதுனதுன்னா நான் ரிப்ளை எழுதிக்கினே இருப்பேன் மேடம். வேற யாராச்சும்னா எனக்கு எதுக்கு பேகார் வேலை?" என்றார். பிறகு, "ஒரு நாள் நேர்ல வந்து ஓடுறத பாருங்களேன். பக்கத்துலதானே" என்றார்.

பக்கத்தில்தான். நான் இருக்கும் மல்லேஸ்வரத்திலிருந்து ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் அதுவரை ஒரு நாளும் இறங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை நிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன், பலகை படிக்க ஆள் வேண்டுமே. சந்துக்குள் சந்து. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். நிலா யாரிடமோ கன்னடத்தில் கேட்டாள், அவர் தமிழில் சொன்னார், இவள் கன்னடத்தில் நன்றி சொன்னாள். இருவருக்கும் அதில் ஒரு தடையும் இல்லை. அன்பரசு வாசலில் நின்று "பாரம்மா, ஊட்டா ஆயித்தா?" என்று அவளைக் கன்னடத்தில் உள்ளே கூப்பிட்டபோது அவள் முகத்தில் ஊருக்கு வந்துவிட்ட களை. அந்த வீட்டில் வெளியூர் நான் ஒருத்திதான்.

மாடியில் ஒரே அறை. பாத்திரம் அடுக்கும் இரும்பு ஸ்டாண்டில் நாலு பழைய கம்ப்யூட்டர்கள். யாரோ கழித்துப் போட்டதை வாங்கிச் சரி செய்திருந்தார். இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் வேலை, ஷிப்ட் முடிந்து வந்து இங்கே உட்கார்ந்து எழுதியது. கட்டளையைத் தட்டினார். வரிகள் ஓடின. பாதியில் எழுந்து ஒரு கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினார். ஓட்டம் அதைத் தாண்டி மற்ற மூன்றையும் முடித்தது. வயரைத் திரும்பச் செருகினார். மறுபடி ஓட்டியபோது அந்த ஒன்றை மட்டும் சரி செய்தது. அவர் மனைவி கொடுத்த காபி ஆறுவதற்குள் நாலு கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒரு மேகம்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன். "அந்தப் பழைய விஷயம், அன்பு... உங்களுக்குப் பேர் முக்கியமில்லைன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். நீங்க பர்வால்லன்னு சொன்னதால..."

அவர் ஸ்டாண்டில் படிந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணாம்னு சொல்லவே இல்ல மேடம். நீங்க கேக்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நிலா தன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது மெட்ரோவில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அன்று மதியமே பதினொரு கருத்துகளையும் திரும்பப் பெற்றேன். 'இவை தேவையற்றவை, தாமதத்துக்கு நானே பொறுப்பு' என்று எழுதி ஒப்புதல் கொடுத்தேன். எதுவும் உள்ளே போக இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும், இரண்டாவதை ஹென்ரிக் அன்றே கொடுத்தார். திங்கட்கிழமை ரகுநந்தன் என்னை உட்கார வைத்து, டீம் என்றால் என்ன என்று விளக்கினார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த மாதம் என்னை ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது நான் மற்றவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் எழுத்துப்பிழை பார்க்கிறேன்.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. தாமதத்தைத்தான் ஒப்புக்கொண்டேன், திருட்டை இல்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை கேக் தின்ன முடிந்தது.

7

இதை எழுத ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமை. தமிழில் ஒப்புக்கொள்வது சுலபம் என்றுதான் ஆரம்பித்தேன். ஹென்ரிக்குக்குத் தமிழ் தெரியாது. ரகுநந்தன் வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குவதை நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகிறது. ஊரில் நாலு பேர் படித்து, "பாவம் கோமதி, மனசாட்சி உள்ளவ" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அன்பரசிடமிருந்து ஒரு புதிய மாற்றம் வந்தது. பழைய நிறுவல் நிரலைத் திட்டத்திலிருந்து முழுவதுமாக நீக்குவது. ஒப்புதல் உரிமையை அலுவலகம் கொடுக்கவில்லை, திட்டம் கொடுத்தது. அதனால் ஆவணப் பிரிவுக்குப் போன பிறகும் அது என்னிடம்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். நீக்கப்படும் வரிகள் சிவப்பில் தெரியும். பக்கம் பக்கமாகச் சிவப்பு. எல்லாம் அவர் எழுதியவை, எல்லாவற்றின் மீதும் என் பெயர். விளக்கமாக இரண்டே வாக்கியம்: 'இதன் வேலையை இப்போது புதிய நிரல் செய்கிறது. இதை யாரும் பயன்படுத்துவதில்லை.' ஒரு குத்தலாவது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இதை நீக்கிவிட்டால் இனி ஒருவரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. பதிவேட்டின் அடியில் என் பெயரோடு அது கிடக்கும். ஹென்ரிக் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார். நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பேச்சு முடிந்தது.

பொத்தானுக்கு மேலே கருத்து எழுதும் பெட்டி இருக்கிறது. அதில் ஆங்கிலத்தில் எழுதினேன். 'நீக்குவதற்கு முன் ஒன்று பதிவாக வேண்டும். இந்த நிரல் முழுவதையும் எழுதியவர் அன்பரசு. எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தது நான். அவரிடம் கேட்காமல் வைத்தேன். பரிசீலனையின்போது நான் எழுதிய பதில்களும் அவர் சொன்னவை.' ஆங்கிலப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். ரிவர்ட் என்ற சொல் எங்கும் வரவில்லை. அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் ரகுநந்தனிடமிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. ஹென்ரிக் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அன்று வீட்டிலிருந்தே வேலை, நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நிலா பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டு, மாடி வீட்டு டியூஷனுக்கும் போய்விட்டாள்.

மாலை ஆறரைக்கு அன்பரசின் பதில் வந்தது. என்னைப் பார்த்து எழுதவில்லை, பொதுவாக எல்லாருக்கும் எழுதியிருந்தார்.

'ஆமாம், நான் எழுதியதுதான். இப்போது தேவையில்லை. எடுத்துவிடலாம்.'

எடுத்துவிட்டேன்.